சின்னவன் தலையில் போட்டுவிடலாம் என்றார் அண்ணன்

போன மாம்பழக் காலத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்து ஒரு மனிதரின் கையை முறித்துவிட்டார்கள். வேண்டுமென்று செய்யவில்லைதான். ஆனால் முறிந்த கை, வேண்டுமென்று முறித்ததா தவறி முறிந்ததா என்று பார்த்து வலிப்பதில்லை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, பொலிஸ், சட்ட உதவி, பிணக்கைப் பேசித் தீர்க்கிற இணக்கசபை என்று அலைந்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். ஊரில் இதைப்பற்றிப் பேசுகிற பாதிப் பேர் "பொடியன்தானே, சட்டம் ஒண்டும் செய்யாது" என்கிறார்கள். மற்றப் பாதிப் பேர் "புள்ளயப் புடிச்சு உள்ளுக்குப் போடுவாங்க" என்கிறார்கள். இரண்டும் பிழை.

எங்கள் வீடு இலங்கையில், மட்டக்களப்புக்குப் பக்கத்தில் உள்ள ஆரையம்பதியில். அம்மாவின் வளவு எனக்கும் தங்கச்சிக்கும் சீதனமாக வந்தது. அண்ணன், அண்ணியின் வீட்டில், இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். என் கணவர் கட்டாரில். அண்ணனின் மகனுக்கு 15 வயது, என் மகனுக்கு 13, தங்கச்சியின் மகனுக்கு 10. பள்ளிக்கூடம் விட்டால் மூவரும் எங்கள் வளவில்தான் கிடப்பார்கள். வளவில் ஒரு பெரிய மாமரம், அதன் பாதிக் கொப்பு மதிலுக்கு வெளியே ஒழுங்கைக்கு மேல் நிற்கிறது. அணில் கொத்துகிறது, வௌவால் தின்கிறது என்று அண்ணன்தான் கொய்யாக் கவர் ஒன்றை வெட்டி, பழைய சைக்கிள் டியூப்பைக் கட்டிப் பெரியவனுக்கு ஒரு கெட்டபோல், அதாவது கல் விடுகிற கவண், செய்து கொடுத்தார். அதைப் பார்த்து மற்ற இருவரும் தாங்களே ஆளுக்கு ஒன்று செய்துகொண்டார்கள். தங்கச்சி வீட்டுக்கு அத்திவாரம் போட ஏற்றி வைத்த கருங்கல் சல்லி குவியலாகக் கிடந்தது. கல்லுக்குப் பஞ்சமில்லை.

அன்று பின்னேரம் காத்தான்குடியிலிருந்து மீன் கொண்டுவருகிற காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) வழமைபோல ஹோர்னை அமத்திக்கொண்டு வந்தார். நான் சிறுமியாக இருந்த காலத்திலிருந்து எங்கள் ஒழுங்கைக்கு வருகிறவர். சைக்கிள் கரியரில் ரெஜிபோம் பெட்டி. மூன்று கல்லும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் போயிருக்கிறது. ஒன்று அவருடைய காதடியில் பட்டது. கையை எடுத்து முகத்தைப் பொத்தினார், சைக்கிள் சாய்ந்தது, வடிகான் மூடியின் கொங்கிரீட் விளிம்பில் வலது கையை ஊன்றி விழுந்தார். நான் ஓடிப்போய்ப் பார்க்கையில் மணிக்கட்டு கரண்டியின் பின்புறம்போல வளைந்திருந்தது. பெரியவன் ஓடி ஒளிந்துவிட்டான். என் மகன் கெட்டபோலைக் கையில் பிடித்தபடி மதில் ஓரத்தில் நின்றான். சின்னவன் மட்டும், யாரும் சொல்லாமலே, மணலில் கொட்டிக் கிடந்த சூடை மீனை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பைப்படியில் கழுவிக் கழுவிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

ஆட்டோவில் ஏற்றி மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள், முறிவு. ஆஸ்பத்திரியில் உள்ள பொலிஸ் காவலரணில் விபரம் கேட்டு எழுதினார்கள். ஒருவருடைய செயலால் இன்னொருவர் காயப்பட்டு வந்தால் இது வழமையான நடைமுறை. சட்ட வைத்திய அதிகாரி காயத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவதும் இதைத் தொடர்ந்துதான். அந்த இடத்தில் "சைக்கிளில இருந்து விழுந்திட்டார்" என்று மட்டும் சொல்லி முடித்துவிடலாமே என்று கூட வந்த சொந்தக்காரர் ஒருவர் என் காதில் சொன்னார். காக்கா வாய் திறந்து உண்மையைச் சொல்லக்கூடிய நிலையில் பக்கத்தில் இருக்கிறார்! நடந்ததை நடந்தபடி சொன்னேன். பின்னால் அது எவ்வளவு நல்லதாகப் போனது என்பது இணக்கசபையில் தெரிந்தது. முதல் நாள் எழுதியதற்கும் நாங்கள் அங்கே சொன்னதற்கும் ஒரு எழுத்து வித்தியாசம் இருக்கவில்லை.

அன்றிரவு அம்மாவின் திண்ணையில் குடும்பம் முழுக்கக் கூடியது. எந்தக் கல் பட்டது என்று மூவரையும் கேட்டோம். மூவருக்கும் தெரியவில்லை; பொய் சொல்கிற முகமும் இல்லை. அப்போதுதான் அண்ணன் சொன்னார்:

"இஞ்ச பாருங்க, பன்னெண்டு வயசுக்குக் கீழ எண்டா பொலிஸ் ஒண்டும் செய்ய ஏலாதாம். சின்னவன்ட கல்லுத்தான் பட்டது எண்டு எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லுவம். அவனுக்கும் ஒண்டும் வராது, பெரியவன் ஓ.எல். சோதின எடுக்கிற பொடியன், அவனும் தப்பிருவான்."

தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. அண்ணனுக்கு எதிரே அவள் பேசிப் பழக்கமில்லை. அம்மாதான் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு, "மீன் கழுவினவன்ட தலையிலயா மனே போடப் போறாய்?" என்று கேட்டா. அண்ணன் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனார்.

அண்ணனைக் கெட்டவராகக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. இந்த யோசனை பல வீடுகளில் வருகிறது என்று பிறகு சட்டத்தரணியே சொன்னார். அண்ணன் கேட்ட அரைச் செய்தியில் அரை உண்மை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருந்தால் மூன்று குடும்பமும் இன்னும் பெரிய குழியில் விழுந்திருக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

அடுத்த நாள் காலையே நானும் அண்ணியும் மட்டக்களப்பில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனோம். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட அரச நிறுவனம் அது. ஆலோசனை கேட்கக் காசு இல்லை. அங்கிருந்த பெண் சட்டத்தரணி முதலில் கேட்டது மூன்று பேருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை. நல்லவேளையாக அண்ணி கொண்டுவந்திருந்தா. இப்படியான விசயத்தில் எல்லாமே வயதில் தொங்குகிறது. வழக்குப் பேசுகிற நாளில் என்ன வயது என்பதல்ல, சம்பவம் நடந்த நாளில் என்ன வயது என்பதே கணக்கு.

எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வந்தது. அதன்படி நெடுங்காலம் 8 வயதுப் பிள்ளையையே குற்றவாளியாக நிறுத்தலாம் என்று இருந்தது. 2018இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, 12 வயது நிரம்பாத பிள்ளை செய்தது எதுவும் குற்றமாகாது. 12க்கு மேல், 14க்குள் என்றால், அந்த நேரத்தில் தான் செய்வது என்ன, அதனால் என்ன விளையும் என்று விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி அந்தப் பிள்ளைக்கு இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். இல்லாவிட்டால் குற்றமில்லை. 14க்கு மேற்பட்ட பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எங்கள் மூவரும் ஒவ்வொரு படியில் ஒவ்வொருவராக நின்றார்கள்: சின்னவன் முழுக்க வெளியே, என் மகன் நடுவில், பெரியவன் உள்ளே.

உள்ளே என்றாலும் பெரியவர்களோடு சேர்த்து நிறுத்துவதில்லை. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்படி சிறுவர் வழக்கைப் பொதுமக்கள் இல்லாமல் தனியாக விசாரிக்க வேண்டும். பெற்றோர் வரவேண்டும். பிள்ளையின் பெயரையோ அடையாளத்தையோ வெளியில் பிரசுரிக்கக் கூடாது. நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து நிலைமையைப் பார்த்து அறிக்கை கொடுப்பார். முந்தி ஆண்பிள்ளைக்குப் பிரம்படி கொடுக்கவும் சட்டத்தில் இடமிருந்தது. 2005இல் உடல் தண்டனையை நீக்கிய சட்டம் அதை எடுத்துவிட்டது. "ஸ்ரேசன்ல குடுத்து நாலு தட்டுத் தட்டச் சொல்லு" என்று எங்கள் தெருவில் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிற பெரியவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

வேண்டுமென்று அடித்ததா, கவனமில்லாமல் நடந்ததா என்பதும் சட்டத்தில் வேறு வேறு. எலும்பு முறிந்தால் அது சாதாரண காயமல்ல, கடுங்காயம். ஆனால் மாங்காய்க்கு விட்ட கல் ஆளில் பட்டது, ஆளைக் குறிவைத்து விட்ட கல்லுக்குச் சமமில்லை. பொது ஒழுங்கை என்று தெரிந்தும் பாராமல் விட்டதுதான் அங்கே கேள்வி.

இவ்வளவும் தண்டனைப் பக்கம். இதைக் கேட்டு அண்ணிக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்போது சட்டத்தரணி பேனையை வைத்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, நீங்க பயப்பிட வேண்டியது இதுக்கில்ல. அந்த மனுசன்ட கைக்கு யார் காசு குடுக்கிற எண்டதுக்கு."

நட்டஈடு என்பது வேறு சட்டம், வேறு நீதிமன்றம், வேறு வயதுக் கணக்கு. எங்கள் நாட்டில் காயத்துக்கு நட்டஈடு கேட்பது உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியாக, மாவட்ட நீதிமன்றத்தில். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற வித்தியாசம் இதில் இல்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையும் முஸ்லிம் சட்டமும் கலியாணம், சொத்து, வாரிசுரிமை என்பவற்றைப் பற்றியவை. கல்லெறிக்கு எல்லோருக்கும் ஒரே சட்டம். அந்தச் சட்டத்தில் 7 வயது நிரம்பாத பிள்ளையின் மேல் கவனக்குறைவு என்று பழி போடவே முடியாது. 7க்கும் 14க்கும் இடையில், பொறுப்பில்லை என்றுதான் தொடங்குவார்கள். இந்தப் பிள்ளைக்கு விளங்கித்தான் இருந்தது என்று காயப்பட்டவர் நிரூபித்தால் பொறுப்பு வரும். 14க்கு மேல் என்றால் வளர்ந்தவருக்கு உள்ள பொறுப்பு. 18 வயதுக்குள் உள்ள பிள்ளை தானாக வழக்காட முடியாது என்பதால் பிள்ளைக்காக ஒரு பெரியவரை நீதிமன்றம் நியமிக்கும். பிள்ளையின் பெயரில் காணியோ வைப்புப் பணமோ இருந்தால் தீர்ப்புப் பணம் அதிலிருந்து போகலாம். பெண்பிள்ளை பிறந்த உடனேயே வளவை எழுதி வைக்கிற நாங்கள் இதை யோசிப்பதே இல்லை.

அதாவது, தண்டனைக்குத் தப்புகிற 10 வயதுப் பிள்ளை நட்டஈட்டுக்குத் தப்பிவிடுவான் என்று நிச்சயமில்லை. அண்ணனின் யோசனை முதலில் உடைந்தது இங்கே.

இரண்டாவது தாய் தகப்பன் விசயம். பெற்றோர் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளை செய்ததற்கு அவர்கள் காசு கட்ட வேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் நினைப்பது போல அது தானாக வருவதில்லை. பெற்றோருடைய சொந்தக் கவனக்குறைவு இருந்தால்தான் வரும். ஆபத்தான பொருளைக் கையில் கொடுத்தார்களா, எங்கே வைத்து விளையாடுகிறான் என்று தெரிந்தும் பேசாமல் இருந்தார்களா, முன்னரும் இப்படி நடந்து எச்சரிக்கை வந்ததா என்றுதான் பார்ப்பார்கள். பிள்ளை எவ்வளவு சின்னவனோ, பெரியவர்கள் அவ்வளவு கவனமாக இருக்க வேண்டும். 15 வயதுப் பையனை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று சொல்லலாம். 10 வயதுப் பிள்ளையிடம் கெட்டபோல் இருந்ததற்கு என்ன சொல்வது? சின்னவன் தலையில் போட்டால் சட்டப்படி கேள்வி அதிகமாக வருவது தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும்தான்.

"கெட்டபோல் யார் செய்து குடுத்தது?" என்று சட்டத்தரணி கேட்டார். நான் அண்ணியைப் பார்த்தேன். "இவர்தான்" என்றா அண்ணி. வேறொன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் அண்ணனிடம் என்ன சொன்னா என்று எனக்குத் தெரியாது. அன்று பின்னேரம் அண்ணனே வந்து, "உள்ளதச் சொல்லுவம்" என்றார்.

மூன்றாவது காரணமும் உண்டு. பொலிசுக்குத் தெரிந்துகொண்டே பொய்த் தகவல் கொடுப்பது தனிக் குற்றம். அதற்கு வயதுப் பாதுகாப்பு இல்லை, ஏனென்றால் அதைச் செய்கிறவர்கள் பெரியவர்கள்.

பொலிஸ் நிலையத்தில் எங்களைக் கூப்பிட்டது சிறுவர், பெண்கள் பிரிவுக்கு. பிள்ளையை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். கூடப் போங்கள், வாக்குமூலம் எடுக்கையில் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று கேளுங்கள். எங்களிடம் பேசிய உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் நடந்தார், ஆனால் எழுதத் தொடங்கியது சிங்களத்தில். நான் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்டேன். தமிழும் அரசகரும மொழி. வடக்கு கிழக்கில் நிருவாக மொழி. தமிழ் எழுதக்கூடியவர் வரும் வரை காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தோம். வாசித்து விளங்காத தாளில் பிள்ளையும் நீங்களும் கையெழுத்து வைக்காதீர்கள். அலுப்பு வரும், வெயில் ஏறும், மற்றப் பிள்ளைக்குச் சோறு கொடுக்க வேண்டும் என்று மனம் அடிக்கும். அப்படியும் வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள்.

என் மகனிடம் உத்தியோகத்தர் கேட்டார்: "கல்லு விட்டா ஆளுக்குப் படும் எண்டு தெரியாதா?"

"மாங்காயத்தான் பாத்தன் சேர். ஒழுங்கையப் பாக்கல்ல."

நான் சொல்லிக் கொடுத்ததல்ல அது. போகும் வழியெல்லாம் இதைச் சொல், அதைச் சொல்லாதே என்று பாடமாக்க எனக்கும் நா துடித்தது. சட்டத்தரணி முதல் நாளே எச்சரித்திருந்ததால் அடங்கி இருந்தேன். பாடமாக்கிய வசனத்தை ஒரு குறுக்குக் கேள்வி கேட்டால் பிள்ளை தடுமாறுவான், பிறகு உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். "பாக்கல்ல" என்ற அந்த ஒரு சொல்லில் அவனுடைய பிழையும் இருந்தது, அவன் ஆளைக் குறிவைக்கவில்லை என்பதும் இருந்தது.

இதற்கிடையில் இன்னொரு தலையிடி. விழுந்து கிடந்த காக்காவையும் மதிலடியில் நின்ற பிள்ளைகளையும் யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். கீழே எழுதியிருந்த வசனம், மீன்காரர் ஒருவரைத் "தாக்கியதாக". தமிழர் ஊரான ஆரையம்பதியும் முஸ்லிம் ஊரான காத்தான்குடியும் ஒட்டியிருக்கிற ஊர்கள். கல் என்றாலே பழைய கணக்குகளைக் கிளறுகிறவர்கள் இரண்டு பக்கமும் உண்டு. அன்றிரவு நான் உண்மையில் பயந்தது வழக்குக்கு அல்ல, இதற்குத்தான். காக்காவின் மகன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே தகப்பனின் குரலைப் பதிந்து அதே குரூப்புகளில் போட்டார். "மாங்காக்கு எறிஞ்ச கல்லு. புள்ளயள்ட வேல. யாரும் பெரிசாக்க வேணாம்." விசயம் அதோடு அடங்கியது. பிள்ளைகளின் முகம் தெரிகிற போட்டோ எங்கே சுற்றினாலும், உடனே ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு, போட்டவரிடம் நீக்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார். எங்களுக்கு அந்த இடம் வரை போகத் தேவை வரவில்லை.

நட்டஈட்டை இணக்கசபையில் பேசுவதற்கு இரண்டு பக்கமும் உடன்பட்டோம். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபைதான் அது. எங்கள் பக்கம் கிழமை முடிவில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூடும். செலவில்லை. சட்டத்தரணி வந்து நமக்காக வாதாட முடியாது. நாமே பேச வேண்டும். சபையின் பட்டியலிலிருந்து ஆளுக்கு ஒரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்வோம், அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். தீர்ப்புச் சொல்வது அவர்கள் வேலையல்ல. இணங்கினால் எழுதிக் கையெழுத்து வாங்கிப் பிரதி தருவார்கள். இணங்காவிட்டால் இணங்கவில்லை என்று சான்றிதழ் தருவார்கள், அதைக் கொண்டு நீதிமன்றம் போகலாம்.

சின்னப் பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் முட்ட உட்கார்ந்து, கையில் மாக்கட்டோடு காக்கா சொன்னார்: "கல்லு யார்ர எண்டு எனக்குத் தேவல்ல தங்கச்சி. சைக்கிள் உருட்ட ஏலாம இரிக்கி. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

நீதிமன்றத்தில் என்றால் எந்தக் கல் என்ற கேள்வியே வழக்கை வருசக்கணக்கில் இழுத்திருக்கும். பலர் சேர்ந்து செய்த பிழையில் பங்கு பிரிக்க 1968இல் ஒரு தனிச் சட்டமே வந்திருக்கிறது என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். சபையில் அந்தக் கேள்வி எழவே இல்லை.

காசுக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சண்டை வருவது இங்கேதான். அரச ஆஸ்பத்திரி என்பதால் வைத்தியச் செலவு பெரிதாக இல்லை. அதை வைத்து, "என்ன செலவு வந்தது, பெரியாஸ்பத்திரில எல்லாம் சும்மாதானே" என்று எங்கள் பக்கத்தில் ஒருவர் தொடங்கினார். உண்மையான இழப்பு உழைப்பில். காக்கா ஒரு கொப்பி கொண்டுவந்தார். ஒவ்வொரு ஒழுங்கையின் கடன் கணக்கும், காலையில் கடையில் மீன் எடுத்த விலையும் அதில் இருந்தது. விற்ற தொகையை அப்படியே எடுக்காமல், மீன் விலை, ஐஸ் காசு கழித்து மிஞ்சுகிற நாள் இலாபத்தைத்தான் மத்தியஸ்தர்கள் கணக்கெடுத்தார்கள். அவருடைய மச்சினன் பாதி நாள் ரவுண்ட் போய்ப் பங்கு கொடுத்திருந்தார், அதைக் கழித்தார்கள். கிளினிக் போய்வந்த ஆட்டோக் காசு, வளைந்த சைக்கிள் ரிம், பழுதான மீன் என்பவற்றைச் சேர்த்தார்கள். கட்டு அவிழ்த்த பிறகும் உடனே சுமை தூக்க முடியாது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்த காலத்தையும் சேர்த்தார்கள். வலிக்கும் வேதனைக்கும் தனியாகக் கேட்க அவருக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. அவர் ஒரு சிறிய தொகையோடு நிறுத்திக்கொண்டார். நீங்கள் காயப்பட்ட பக்கத்தில் இருந்தால் கொப்பி, பில், மருத்துவத் துண்டு எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள். நினைவில் இருந்து சொல்கிற தொகையை யாரும் ஏற்பதில்லை.

முதல் நாள் நான் ஆஸ்பத்திரியில் அவருடைய மனைவியிடம் கொடுத்த காசையும் கழித்தார்கள், ஏனென்றால் கொடுக்கும்போதே அவருடைய மகன் முன்னிலையில் எழுதி வைத்திருந்தோம். உடனே ஏதாவது கொடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் உழைக்கிற ஆள் படுத்துவிட்டால் அன்று இரவுச் சோற்றுக்கே அங்கே காசு தேவை. என் கருத்தில், அந்த உதவியை நிறுத்துவதால்தான் பல விசயங்கள் பொலிசுக்கும் கோட்டுக்கும் போகின்றன.

தொகையை மூன்று குடும்பமும் சமமாகப் பிரித்தோம். தங்கச்சியின் மாப்பிள்ளை, "சின்னவன்ட கையில அவ்வளவு பலமா இரிக்கி?" என்று கொஞ்சம் இழுத்தார். அண்ணன் அதைக் கேட்டுத் தன் பங்கைக் கூட்டிப் போட்டார். கெட்டபோல் செய்தவர் என்ற முறையில் அது சரிதான் என்று நான் நினைக்கிறேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை. காக்கா இன்னொன்றும் கேட்டார்: மதிலுக்கு வெளியே நிற்கிற கொப்பை வெட்ட வேண்டும். அதையும் உடன்படிக்கையில் எழுதினார்கள். அம்மாவுக்கு முறிந்த கையைவிட அந்தக் கொப்புத்தான் அதிக கவலை. பொலிசும் இணக்கத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை எச்சரித்ததோடு விட்டது. எல்லா இடத்திலும் இப்படி முடியும் என்று எண்ணவேண்டாம். கண் போயிருந்தாலோ, உயிருக்கு ஆபத்து வந்திருந்தாலோ கதை வேறு.

இதே கேள்வி வேறு இடங்களிலும் வரும். பள்ளிக்கூட நேரத்தில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் காயப்படுத்தினால் கவனம் எடுக்கவேண்டிய பொறுப்பு ஆசிரியருக்கும் உண்டு. அதற்காக அடித்த பிள்ளையின் வீட்டார் முழுக்க விலகிவிட முடியாது. மோட்டார் சைக்கிள் விசயம் இதைவிடக் கடுமை. லைசன்ஸ் இல்லாத பிள்ளையிடம் திறப்பைக் கொடுத்தவர், அவன் ஆளை இடித்தால், "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான்" என்று சொல்லித் தப்ப முடியாது. இன்சூரன்ஸ்காரரும் கேள்வி கேட்பார். கடற்கரை ரோட்டில் பின்னேரத்தில் போய்ப் பாருங்கள், எத்தனை பிள்ளைகள் காலும் எட்டாமல் ஸ்கூட்டி ஓடுகிறார்கள் என்று.

நட்டஈட்டு வழக்குப் போட இரண்டு வருடக் காலக்கெடு உண்டு. காயப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் அந்தக் காலக்கெடு இன்னும் நீளலாம், ஏனென்றால் வயது வரும் வரை காலம் ஓடத் தொடங்குவதில்லை. அதனால் காக்காவுக்கு ஒவ்வொரு தவணைக் காசு கொடுக்கையிலும் திகதி போட்டு, "முழுத்தொகையில் இவ்வளவு பெற்றேன்" என்று எழுதி, இடது கையால் என்றாலும் கையெழுத்து வாங்கினேன். கடைசித் துண்டில் "இனிக் கோரிக்கை எதுவும் இல்லை" என்று அவரே எழுதித் தந்தார். அதையும் சபையின் பிரதியையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் மூன்று பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரப் பிரதிகளோடு ஒரே பைலில் போட்டு வைத்திருக்கிறேன். அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஆளுக்கு ஒரு போட்டோக் கொப்பி கொடுத்திருக்கிறேன்.